மஹேபூர் மாளிகை

மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையிலுள்ள மஹேபூர் நகருக்கு வருகிறவர்களில் பலர் கடலையும் சந்தையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊர் எல்லையில் மரங்களுக்கு நடுவே நிற்கும் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. ரொபியார் என்ற பிரெஞ்சுச் சீமான் 1770களில் கட்டிய மாளிகை இது, 1950இல் அருங்காட்சியகமானது.

1810 ஆகஸ்டில் எதிரேயுள்ள கிராண்ட் போர்ட் விரிகுடாவில் நடந்த கடற்போரில் ஆங்கிலேயர் தோற்றனர். வென்ற பிரெஞ்சுத் தளபதி துப்பெரேவுக்கும் முகத்தில் காயம், தோற்ற வில்லோபிக்கும் ஒரு கண் போயிற்று. இருவரையும் இந்த வீட்டுக்கே தூக்கிவந்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். பாரிஸின் வெற்றி வளைவில் பொறிக்கப்பட்டிருக்கும் இந்தப் போரின் பெயரைவிட, பகைவர் இருவரும் ஒரே கூரையின்கீழ் படுத்துக்கிடந்த செய்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

தரைதட்டியதால் ஆங்கிலேயர் தாங்களே எரித்துவிட்ட 'மஜிசியன்' கப்பலிலிருந்து மீட்ட பீரங்கியும் குண்டுகளும் மதுப்புட்டிகளும் உள்ளே இருக்கின்றன. பீரங்கியைக் கடல் அரித்துச் சொரசொரப்பாக்கியிருக்க, கண்ணாடிப் புட்டிகளோ பெரிய சேதமில்லாமல் தப்பியிருப்பது வேடிக்கைதான். 1744இல் மூழ்கிய 'சேன் ஜெரான்' கப்பலின் மணியையும், டோடோ பறவையின் எலும்புகளையும் தவறவிடக் கூடாது.

உடன் வந்த மாமா ரோஸ் ஹில்லில் மாலை வேளைகளில் தமிழ் கற்பிப்பவர். இத்தீவின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த லபோர்தொன்னேயைப் பற்றிப் பேச்சு வந்ததும், "1746இல் நம்ம சென்னையைப் பிடித்தவர்தானே?" என்றார். அவரேதான். புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்க் கைவினைஞர்கள் இத்தீவுக்கு வந்து போர்ட் லூயியைக் கட்டியெழுப்ப உழைத்ததும் அவர் ஆட்சியில்தான். கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர் கப்பலேறியது அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. கிராண்ட் போர்ட்டில் தோற்ற ஆங்கிலேயர் அதே 1810 நவம்பர் இறுதியில் வடகரையில் இறங்கி டிசம்பரில் தீவைக் கைப்பற்றியபோது, அந்தப் படையில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தார்கள். "அப்படியானால், இரண்டு பக்கத்துக்கும் நாம்தான் உழைத்திருக்கிறோம்" என்றார் மாமா, சற்றுக் கசப்பாகவே.

வீட்டின் பின்புறம், 1964இல் நின்றுபோன மொரீஷியஸ் ரயிலின் பழைய பெட்டியொன்றும் நிற்கிறது. பிள்ளைகளுடன் போகிறவர்கள் அதை முதலில் காட்டிவிட்டு உள்ளே அழைத்துச் செல்லலாம்.