39 வயதில் ஒரு ஸ்பிரின்ட்

29 ஜூன் 2024, திருவையாறு

மூன்று வார சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் இன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸில் தொடங்கியது. ஸ்பிரின்டில், அதாவது முடிவுக் கோட்டருகே எடுக்கும் வேகப் பாய்ச்சலில், பேர்போன பிரிட்டிஷ் வீரர் மார்க் கேவண்டிஷ் வெயில் தாங்காமல் ஆரம்ப ஏற்றங்களிலேயே பின்தங்கிவிட்டார், வண்டியை ஓட்டியபடியே வாந்தி எடுத்தார், அணித் தோழர்கள் சூழ்ந்து கூட்டிவந்ததால் நேர வரம்புக்குள் எப்படியோ வந்து சேர்ந்தார், அதைத் தாண்டினால் பந்தயத்தை விட்டே வெளியேற வேண்டும். "39 வயசுல இதெல்லாம் தேவையா மாமா? பேரும் விளம்பரமும்தானே வேணும் அவருக்கு?" என்றான் அக்கா மகன். எனக்குக் கோபம்தான் வந்தது.

1 ஜூலை

காலையில் அவனோடு திருக்காட்டுப்பள்ளி வரை சைக்கிளில். இந்த வருடம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை, ஆற்றில் மணல்தான் கிடக்கிறது, பம்புசெட் உள்ளவர்கள் மட்டும் குறுவை போட்டிருக்கிறார்கள். கடைசி ஒரு கிலோமீட்டரில் அவனுக்கு நான் இன்னும் ஈடு கொடுப்பேன், ஆனால் மறுநாள் கால் சொன்னபடி கேட்காது. வயது முதலில் கைவைப்பது அங்கேதான். மூன்று வாரம் கிட்டத்தட்ட தினமும் ஓட்டுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

2 ஜூலை

இன்று ஆல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாய். ஸ்லோவேனிய வீரர் போகாச்சார் ஜெயித்தார், கேவண்டிஷும் வந்து சேர்ந்துவிட்டார், அது போதும்.

விளம்பரம் பற்றி அவன் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. 1903-ல் இந்தப் பந்தயத்தைத் தொடங்கியதே லோட்டோ என்ற பத்திரிகைதான், பிரதி அதிகம் விற்க வேண்டும் என்று. 1930-லிருந்து வீரர்களுக்கு முன்னால் விளம்பர வண்டிகள் ஊர்வலம் போகின்றன. பணம் கொடுப்பவரின் பெயர்தான் அணியின் பெயர். அப்படிப்பட்ட தொழிலில் வயதான ஒருவரை மட்டும் நிறுத்தி, உனக்கு விளம்பர ஆசை என்று சொல்வது நியாயமே இல்லை. அமெரிக்க வீரர் ஆம்ஸ்ட்ராங் 37 வயதில் திரும்பி வந்து 2009-ல் மொத்தப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாரே என்பான். அந்த முடிவும் அவருடைய 7 பட்டங்களும் ஊக்கமருந்துக்காகப் பறிக்கப்பட்டன, வயதுக்காகவோ ஆசைக்காகவோ இல்லை.

3 ஜூலை, இரவு

ஜெயித்துவிட்டார்! சான் வுல்பாவில், கடைசி சில நூறு மீட்டரில் ஒரு சக்கரத்தின் பின்னாலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி இடம் பிடித்து வந்த அந்தக் கணக்கு இருக்கிறதே, அது இருபது வயதுக் காலுக்கு வராது. இந்தப் பந்தயத்தில் அவருடைய 35-வது ஸ்டேஜ் வெற்றி, அதாவது ஒரு நாள் ஓட்டத்தில் முதலிடம்; இது சாதனை. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸின் பழைய சாதனையான 34-ஐ 2021-ல் தொட்டவர், போன வருடம் தோள்பட்டை எலும்பு முறிந்து பாதியில் வீட்டுக்குப் போனவர், ஓய்வு என்று அறிவித்துவிட்டு இன்னொரு வருடம் கேட்டு வாங்கியவர். இன்று மூன்றாவதாக வந்த நார்வே வீரர் கிறிஸ்டோஃபுக்கும் இந்த வாரம் 37 பிறக்கிறது.

5 ஜூலை

சாதனைதான் கிடைத்துவிட்டதே, மரியாதையாக இத்தோடு நிறுத்தலாமே என்கிறார்கள். எப்போது நிறுத்துவது என்பது ஓட்டுகிறவர் முடிவு, பார்க்கிற நமக்கு அதில் என்ன உரிமை? பிரெஞ்சு வீரர் ரேமோன் பூலிடோர் 1976-ல் 40 வயதில் மொத்தப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்ஸியை ஒரு நாள்கூடப் போட்டதில்லை, ஆனாலும் பிரெஞ்சு ஜனங்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2021-ல் அவர் பேரன் வான் டெர் பூல் அந்த மஞ்சளைப் போட்டபோது நான் அழுதேன்.

இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. கேவண்டிஷுக்கு மலை என்றால் ஜெயிப்பதில்லை, ஜெயித்தவரின் நேரத்தோடு இத்தனை சதவீதம் கூடுதல் என்று வைத்திருக்கும் வரம்புக்குள் கடைசிக் கூட்டத்தோடு வந்து சேர்வதுதான். அக்கா மகன் இப்போது தானாகவே பிரனீஸ் மலை நாட்களின் வரம்பைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான், "வந்துடுவாரு மாமா" என்கிறான்.