விசுவமட்டில் ஒரு கேமிங் கணினி: பவர் சப்ளையில் தொடங்கிய தெரிவு

மூன்று இலட்சம் ரூபாய்க்குள் ஒரு கேமிங் கணினி பூட்டும் வேலை பாதி தாண்டிவிட்டது. எல்லாப் பாகமும் தெரிவாகிவிட்டது. கிராபிக்ஸ் கார்டும் மொனிட்டரும் தவிர மற்றவை வீட்டுக்கு வந்து, பூட்டி, விண்டோஸும் ஏற்றியாயிற்று. எதை ஏன் எடுத்தேன் என்பதை இந்தக் கட்டத்திலேயே எழுதி வைக்கிறேன். யூடியூப்பில் கணினி பூட்டிக் காட்டுபவர்களில் அநேகமானோர் கிராபிக்ஸ் கார்டில் தொடங்கி, மிஞ்சுகிற காசைப் பவர் சப்ளைக்குக் கொடுக்கிறார்கள். வன்னிக் கிராமங்களில் இருக்கும் நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது என் முடிவு. முதலில் வீட்டுக் கரண்ட், அப்புறம் சூடும் புழுதியும், கடைசியில்தான் கார்ட்.

எங்கள் வீடு பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிரவல் ஒழுங்கையில், ட்ரான்ஸ்போமருக்கு நல்ல தூரத்தில் இருக்கிறது. இலங்கையில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். மத்தியானம் மல்டிமீட்டரை வைத்தால் கிட்டத்தட்ட அதைத்தான் காட்டுகிறது. வயரிங் செய்து தந்த அண்ணை அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மத்தியானம் அளந்து ஒரு பிரயோசனமும் இல்லை. பின்னேரம் தோட்டக்காரர் மோட்டர் போட்ட பிறகு அளந்து பாருங்கோ." அளந்தேன். 190க்குக் கீழே போனது.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் பவர் சப்ளை பார்க்கத் தொடங்கினேன். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ளீட்டு வோல்ட் அளவு எழுதியிருக்கும். விலை குறைந்த பலவற்றில் 200 முதல் 240 வரை என்று இருக்கிறது. கொஞ்சம் தரமானவற்றில் 100 முதல் 240 வரை. எங்கள் லைனில் முதல் வகை பின்னேரம் முழுக்கத் தன் எல்லைக்கு வெளியேதான் நிற்கும். விளையாடிக்கொண்டிருக்கும்போது கணினி தானாக நின்று திரும்ப எழும்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். பலர் அதை கிராபிக்ஸ் கார்டின் பிழை என்று நினைத்துக் கார்டைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். முதலில் இந்த லேபிளைப் பாருங்கள்.

அதே லேபிளில் பார்க்க வேண்டிய இன்னொன்று, 12 வோல்ட் வரிசையில் எத்தனை அம்பியர் என்பது. ப்ரொசெசரும் கிராபிக்ஸ் கார்டும் சக்தியை எடுப்பது அந்த வரிசையிலிருந்துதான். அம்பியரை 12ஆல் பெருக்கினால் உண்மையான வலு தெரியும். கேசிங்கோடு சேர்த்துத் தரும் ஒரு பவர் சப்ளையில் 500 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. 12 வோல்ட் வரிசையிலோ 18 அம்பியர். பெருக்கிப் பாருங்கள், 216 வாட். அதை நம்பி ஒரு கேமிங் கார்டைப் போடவே கூடாது. நான் எடுத்தது 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ், 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் ஒன்று. 80 பிளஸ் முத்திரை, எடுக்கிற கரண்டில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போய்ச் சேருகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். பாதுகாப்புச் சுற்றுகள் நல்லவையா என்று அது சொல்லாது. அதனால் முத்திரையோடு உத்தரவாதக் காலத்தையும் பார்த்து, ஐந்து வருடம் தருவதை எடுத்தேன்.

கரண்ட் நின்றால் பற்றரியில் கொஞ்ச நேரம் தாங்கிக் கொடுக்கும் யூபிஎஸ் இங்கே கட்டாயம் என்பேன். 650 விஏ என்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தரும். என் கணக்கில் விளையாடும்போது கணினிக்கு 230 முதல் 250 வாட் போகும், மொனிட்டர் தனி. 360ஐ முட்டவில்லைதான், ஆனால் இடைவெளி போதாது. 600 வாட் தரும் 1000 விஏ எடுத்தேன். சின்ன யூபிஎஸ்களில் வழமையாக இருக்கும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரியில் காகிதக் கணக்கில் 84 வாட்-மணி இருக்கிறது. 250 வாட்டுக்கு இருபது நிமிடம் வர வேண்டும். ஈயப் பற்றரியை இவ்வளவு வேகமாக உறிஞ்சினால் அதில் பாதிகூடக் கிடைக்காது. ஆகவே அது சேமித்துவிட்டு ஒழுங்காக நிறுத்துவதற்குத்தான், தொடர்ந்து விளையாட அல்ல. எனக்கு அதைவிட முக்கியம், லைன் இறங்கும்போது பற்றரியைத் தொடாமல் வோல்டை ஏற்றிக் கொடுக்கும் ஏவிஆர் வசதி. வாங்க முன் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

எர்த்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. லைவுக்கும் எர்த்துக்கும் இடையில், லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வருகிற அளவுக்குக் கிட்ட வர வேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் மண் காய்ந்து கிடக்கும்போது எர்த் கம்பி சரியாகப் பிடிக்காது. அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு ப்ளக்கைக் கழற்றி வைப்பதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரியாது.

ப்ரொசெசரில் மூன்று பெயர்கள் இருந்தன: ரைசன் 5 5600, இன்டெல் ஐ5-12400எஃப், ரைசன் 5 7600. முதல் இரண்டும் 2022இல் வந்தவை. இரண்டுக்கும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். 7600 வேகமானது, அது பூட்டும் ஏஎம்5 சொக்கெட்டுக்கு இனியும் புதிய ப்ரொசெசர்கள் வரும். ஆனால் டிடிஆர்5 றாமும் புதிய போர்டும் சேர்ந்து வருகிற கூடுதல் விலை, என் கணக்கில் யூபிஎஸ்ஸின் விலையை விழுங்கிவிடுகிறது. யூபிஎஸ்ஸை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. 5600ஐ எடுத்தேன். 65 வாட்தான், பெட்டிக்குள்ளேயே கூலரும் வருகிறது.

மதர்போர்ட் பி550. பழைய பி450 போர்டிலும் 5600 ஓடும், ஆனால் கடையில் நெடுநாள் கிடந்த போர்ட் என்றால் 5600ஐ அடையாளம் காண அதன் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்ய வேண்டிவரலாம். கொழும்பில் யூனிட்டி பிளாசாவுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அது பிரச்சினையே இல்லை, கடைக்காரர் வேறு ப்ரொசெசரைப் போட்டு முடித்துக் கொடுப்பார். விசுவமட்டில் இரவல் கேட்க, இந்தப் போர்டுக்குப் பொருந்தும் பழைய ஏஎம்4 ப்ரொசெசர் யாரிடம் இருக்கிறது? அதனால் ப்ரொசெசர் இல்லாமலேயே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பாக் பொத்தான் உள்ள போர்டாகப் பார்த்து எடுத்தேன். தூரத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பொத்தான் ஆர்ஜிபி விளக்குகளைவிடப் பல மடங்கு பெறுமதியானது.

றாம்: 8 ஜிபி இரண்டு, டிடிஆர்4 3200. ஒரே 16 ஜிபியாக எடுத்தால் இரண்டு றாமையும் ஒரே நேரத்தில் பாவிக்கும் டூயல் சனல் கிடைக்காது, கேமில் அந்த வித்தியாசம் தெரியும். பயாஸுக்குள் போய், றாமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை ஒன் பண்ண மறக்காதீர்கள். எஸ்எஸ்டி: 1 டிபி என்விஎம்இ. இங்கே ஒரு பெரிய கேமை அழித்துவிட்டுத் திரும்ப டவுன்லோட் செய்வது டேட்டாவுக்குப் பெரிய செலவு, அதனால் 500 ஜிபியில் நிற்கவில்லை.

சூட்டுக் கணக்கு இப்படி. வெளிநாட்டு ரிவியூக்களில் அறை வெப்பம் 21, 22 பாகை அளவில் இருக்கும். எங்கள் ஓட்டு வீட்டு அறைக்குள் மத்தியானம் 34. அங்கே 70 பாகை காட்டிய கார்ட் இங்கே 82ஐத் தொடும் என்று வைத்துக்கொள்ளலாம். அறை எவ்வளவு கூடுகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவும் மேலே ஏறும். ஆகவே எடுக்கிற வாட் குறைந்த பாகமே நல்ல பாகம். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் செம்மண் புழுதி வேறு. முன்பக்கம் கண்ணாடி வைத்து மூடிய கேசிங்குகள் பார்வைக்கு வடிவுதான், இந்த ஊருக்குச் சரிவராது. முன்பக்கம் வலை, கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர், காற்றை உள்ளே இழுக்க இரண்டு ஃபான், வெளியே தள்ள ஒன்று. உள்ளே வருவது கூடுதலாக இருந்தால் இடுக்குகளால் புழுதி நுழையாது. பின்பக்கத்து வெற்று ஸ்லொட் மூடிகளையும் கழற்றாமல் விடுங்கள், பல்லி போய் இருந்துவிடும்.

கார்ட் விடயத்தில்தான் கூடுதலான நேரம் போனது. என் தேவை 1080பி, கூடுதலாக வலோரண்ட், இடையில் பெரிய கதைக் கேம்கள். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, மெமரி கூடியது, ஆனால் 170 வாட். ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 132 வாட். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி, 115 வாட். 12 ஜிபியின் ஆசை பெரியதுதான், டெக்ஸ்சரைக் கூட்டி வைக்கும் புதிய கேம்களுக்கு 8 ஜிபி இறுக்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்த 55 வாட் வித்தியாசம் என் அறைக்குள் சூடாகவும் யூபிஎஸ்ஸில் சுமையாகவும் வருகிறது. 4060 என்று முடிவெடுத்தேன். காசு இன்னும் இறுக்கம் என்றால் 6600ஐத் தயங்காமல் எடுக்கலாம். இவை இரண்டும் போர்டோடு பேச வழமையான பதினாறுக்குப் பதிலாக எட்டுப் பாதைகளை (லேன்) மட்டும் பாவிக்கும் கார்டுகள். பி450இல் அந்தப் பாதைகள் பழைய, மெதுவான பிசிஐஇ 3.0 வகையில்தான் கிடைக்கும் என்பதால், பி550ஐ எடுக்க இதுவும் ஒரு காரணம்.

பாவித்த கார்டுகளும் நிறைய விற்பனைக்கு வருகின்றன. கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து மைனிங் செய்துவந்த எதீரியம் கிரிப்டோ நாணயம், 2022 செப்டெம்பரில் மைனிங் தேவையில்லாத முறைக்கு மாறிய பிறகு உலகம் முழுக்க அப்படித்தான். விலையைப் பார்த்தால் மனம் இழுக்கும். ஆனால் இங்கிருந்து கொழும்புக்கு இரவு பஸ் பிடித்துப் போய்த்தான் ஒரு கார்டை மாற்ற முடியும் என்ற நிலையில், உத்தரவாதம் இல்லாததற்கு காசு கொடுக்க என்னால் முடியவில்லை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியதை எல்லோரும் பார்த்தோம். அப்படி இன்னொருமுறை நடந்தால் பழுதான கார்டுக்குப் பதிலாகப் புதியது வாங்குவது நடக்காத காரியம். மூன்று வருட உத்தரவாதச் சீட்டோடு வருவதைத்தான் எடுக்கப் போகிறேன்.

5600க்குள் கிராபிக்ஸ் இல்லாததால் மச்சானின் பழைய ஜிடி 710ஐ இரவல் வாங்கிப் போட்டுத்தான் விண்டோஸ் ஏற்றினேன். யூபிஎஸ் ப்ளக்கை ஓடும்போதே பிடுங்கிப் பார்த்தேன், கணினி அசையாமல் நின்றது. ஆனால் அது சுமையில்லாத சோதனை. பற்றரியில் ஓடும்போது வீட்டுக் கரண்டின் மென்மையான அலைக்குப் பதிலாகப் படிப்படியான அலை தரும் யூபிஎஸ்ஸில், சில பவர் சப்ளைகள் சுமை ஏறும்போது மட்டும் விழுந்துவிடும். ஆகவே 4060 வந்ததும் பின்னேரம், மோட்டர்கள் ஓடும் நேரத்தில், ஒரு கேமை முழு வேகத்தில் விட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அதுவும் நின்றால் மிச்சக் காசு 144 ஹேர்ட்ஸ் ஐபிஎஸ் மொனிட்டருக்கு. விழுந்தால் மொனிட்டர் பொறுத்திருக்கட்டும், முதலில் அந்த மென்மையான அலையையே தரும் ப்யூர் சைன் வேவ் யூபிஎஸ் வாங்குவேன்.