தான் என்ற ஒரு சொல்

மார்ச் 3
அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு, எல்சாட்டுக்கு இன்னும் ஐந்து வாரம். 2024 ஆகஸ்டோடு லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள் என்றதும், 'இது நடந்தால் அது நடக்கும்' என்பதை இது → அது என்று அம்புக்குறி போடும் வேலை இனி இருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. மதிப்பெண்ணில் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங், அதாவது சின்னச் சின்ன வாதங்களை அலசுவது, அதில் நிபந்தனை வாக்கியங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இன்று ஏழு தப்பு. அதில் ஐந்து, அம்பைத் திருப்பிப் போட்டதால் வந்தவை.

மார்ச் 4
அப்பாவுக்கு மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள்.

மார்ச் 6
நாள் முழுக்க 'அன்லெஸ்', அதாவது நம் 'ஒழிய'. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டாலொழிய அனுமதி கிடையாது. நான் கையெழுத்து → அனுமதி என்று போட்டேன். ஆனால் கையெழுத்து விழுந்த பிறகும் அனுமதி மறுக்கப்படலாமே! அன்லெஸ்ஸை ஒட்டி வருவதை அப்படியே அம்பின் முனையில் வைக்க வேண்டும், மற்றதை மறுத்து வால் பக்கம் வைக்க வேண்டும். அனுமதி → கையெழுத்து. திருப்பி, இரண்டையும் மறுத்தால் கையெழுத்து இல்லை → அனுமதி இல்லை. இந்த இரண்டும் ஒன்றே. வேறெதுவும் இந்த வாக்கியத்திலிருந்து கிடைக்காது.

மார்ச் 7
தூக்கம் இல்லை. படிக்கவும் இல்லை.

மார்ச் 9
'இருந்தால் மட்டுமே' என்கிற ஒன்லி இஃப்போடு இவ்வளவு நாள் மல்லுக்கட்டினேன், விடை நாம் தினமும் பேசுகிற பேச்சிலேயே இருக்கிறது. 'நீ வந்தால் போவேன்' என்றால் நீ வருவது → நான் போவது. 'நீ வந்தால்தான் போவேன்' என்றால் நான் போவது → நீ வந்திருப்பது. ஒரு 'தான்' சேர்ந்ததும் அம்பு அப்படியே திரும்பிவிடுகிறது! 'நீ வந்தாலும் போவேன்' என்றால் அம்பே வேண்டாம், எப்படியும் போகத்தான் போகிறேன். சந்தோஷத்தில் நோட்டில் இரண்டு பக்கம் இதையே எழுதினேன், 'மழை பெய்தால்தான்', 'சாவி இருந்தால்தான்', கை வலிக்கும் வரை.

மார்ச் 10
35 நிமிடம் வைத்துச் செய்தேன். மூன்று தப்பு. எல்லாக் கேள்விக்கும் படம் போட்டால் நேரம் போதாது, இரண்டு மூன்று நிபந்தனைகள் சங்கிலியாகக் கோத்து வரும்போது மட்டும் போடலாம்.

மார்ச் 13
பீட்டர் வேசன் 1966இல் எழுதிய நான்கு அட்டைப் புதிர். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண்; மேலே தெரிவது ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, ஓர் இரட்டைப்படை, ஓர் ஒற்றைப்படை. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண். இது பொய்யா என்று பார்க்க எவற்றைத் திருப்புவாய்? உயிரெழுத்தையும் இரட்டைப்படையையும் என்றேன். உயிரெழுத்து சரி, ஆனால் இரட்டைப்படைக்குப் பதில் ஒற்றைப்படையைத்தான் திருப்பியிருக்க வேண்டும், அதன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்துவிடும். பெரும்பாலானவர்கள் அதை விட்டுவிடுகிறார்களாம். நமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்க்கிறோம்.

மார்ச் 15
அப்பாவின் ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை ஏறிவிட்டது. அம்மா ஒவ்வொருவராகப் போன் செய்து, ஆபரேஷன் நடக்கப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது: 'ஏறினால்தான் ஆபரேஷன் பற்றி யோசிக்க முடியும்.' தான். ஏறாவிட்டால் கிடையாது என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பது அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் இல்லை.

மார்ச் 16
அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 18
ஒரு பகுதி முழுக்க ஒரே ஒரு தப்பு. யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. நாளைக் காலை டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். கேட்க வேண்டியதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்: ஏறியது போதுமா, இன்னும் என்னென்ன இருந்தால்தான்