அரை யூனிட் ஃப்ரிட்ஜ், நாற்பது லிட்டர் தண்ணீர்

கேரவன் என்றால் சென்னையில் பலருக்கும் வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஷூட்டிங்குக்கு நிற்கிற வண்டிதான் ஞாபகம் வரும். உள்ளே ஏ.சி. ஜில்லென்று ஓடும், பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும். ரிட்டயர் ஆன இரண்டு பேர் வருஷம் முழுக்கத் தங்கப்போகிற வண்டிக்கு அதை மாதிரியாக எடுத்தால் முதல் மே மாதமே கணக்கு உதைக்கும். யூடியூபில் பார்க்கிற ஐரோப்பிய வண்டிகளும் நமக்குச் சரிப்படாது. அவர்களுக்குக் குளிரோடு சண்டை, நமக்கு வெயிலோடு. கட்டில் எங்கே, டி.வி. எங்கே என்று படம் போடுவதற்கு முன்னால் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை லிட்டர் தண்ணீர் என்று எழுதிவிடுங்கள். வண்டி அதற்குள்தான் அடங்க வேண்டும்.

காகித வேலையை முதலில் முடித்துவிடலாம். டெம்போ டிராவலர் மாதிரி வேனை வாங்கி உள்ளே மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏற வேண்டும். மோட்டார் கேரவனுக்கான தரம் ஏ.ஐ.எஸ். 124. பாடி கட்டுகிறவர் அதன்படி செய்து சான்றிதழ் தருவாரா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். ஆர்.சி.யில் ஏறாத மாற்றத்துக்கு இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் லைசென்ஸே போதும். ஆனால் 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் 5 வருஷத்துக்குத்தான் தருவார்கள், படிவம் 1ஏ-வில் டாக்டர் கையெழுத்தும் வேண்டும்.

இனி கரண்ட். இ.பி. பில்லில் பார்க்கிற அதே யூனிட்டில் (ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) கணக்குப் போட்டால் குழப்பமே இல்லை.

60 லிட்டர், 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது சுமார் 50 வாட் இழுக்கும். சென்னை வெயிலில் நாளில் பாதி நேரமாவது ஓடும் என்பதால் அதற்கு 0.6 யூனிட். 25 வாட் டி.சி. ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம்: 0.5 யூனிட். லைட், பம்ப், போன், லேப்டாப் எல்லாம் சேர்த்துக் கால் யூனிட். கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, தச்சர். அழகுக்காக ஃப்ரிட்ஜைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் பெட்டி அடித்துவிடுவார். கம்ப்ரஸர் விடுகிற சூடு போக வழியில்லாமல் அங்கேயே சுற்றும், மெஷின் நிற்காமல் ஓடும், 0.6 யூனிட் 1.2 ஆகிவிடும். பின்பக்கம் இரண்டு அங்குல இடைவெளி, கீழே ஒரு ஜல்லடை, மேலே ஒரு ஜல்லடை கட்டாயம். இன்னொன்று இன்வெர்ட்டர். எதுவும் மாட்டாமல் ஆன் செய்து வைத்திருந்தாலே 15 வாட் தின்னும் மாடல்கள் உண்டு. ஒரு நாளைக்கு 0.36 யூனிட், அதாவது அரை ஃப்ரிட்ஜ். மிக்ஸி போடும்போது ஆன், முடிந்ததும் ஆஃப்.

பேட்டரிக்கு 12.8 வோல்ட், 200 ஏ.எச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஒன்று வாங்கினால் இரண்டரை யூனிட் கொள்ளும், அதில் இரண்டு யூனிட்டைத் தயங்காமல் எடுக்கலாம். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற 150 ஏ.எச். டியூபுலர் விலை குறைவுதான். ஆனால் 50 கிலோவுக்கு மேல் கனக்கும், பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறையும், குலுங்கினால் ஆசிட் கசியும். வீட்டிலேயே இருக்கட்டும். லித்தியத்துக்கும் சூடு ஆகாது. என்ஜினுக்குப் பக்கத்திலோ வெயில் அடிக்கிற பக்கச் சுவரிலோ வைத்தால் உள்ளே இருக்கிற பி.எம்.எஸ். என்கிற காவல் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும். கட்டிலுக்குக் கீழே, காற்று போகிற மாதிரி வையுங்கள்.

கூரையில் 330 வாட் சோலார் பேனல் இரண்டு வைக்கலாம். பேனலில் எழுதியிருக்கிற வாட் 25 டிகிரி சூட்டில் அளந்தது. மே மாதக் கூரையில் பேனல் 65 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் அங்கேயே போச்சு. தூசி, வயர், கன்ட்ரோலர் எல்லாம் கழித்தால் நல்ல வெயில் நாளில் இரண்டே கால் யூனிட் எதிர்பார்க்கலாம். கூரையோடு ஒட்டிவிடாமல் இரண்டு அங்குலம் தூக்கி மாட்டினால் பேனலும் ஆறும், வண்டிக்கும் குடை பிடித்த மாதிரி இருக்கும். ஐப்பசி அடைமழையில் இதில் கால் பங்கு கிடைத்தால் பெரிது. அதற்காகத்தான் வண்டி ஓடும்போது என்ஜின் கரண்டில் இந்த பேட்டரியை ஏற்றுகிற 30 ஆம்பியர் டி.சி. டு டி.சி. சார்ஜர்: மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலேயே ஏறும். புதுப் புகை விதிப்படி வந்த பி.எஸ். 6 வண்டிகளில், என்ஜினோடு சுற்றிக் கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஏறி இறங்கும், அதனால் இரண்டு பேட்டரியையும் நேராக இணைத்துவிடுகிற பழைய ரிலே முறையை நம்ப வேண்டாம்.

ஏ.சி. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. ராத்திரி எட்டு மணி நேரத்தில் நாலு, ஐந்து யூனிட் குடிக்கும். ஆகவே வெளியே 16 ஆம்பியர் பிளக் கிடைக்கிற இடத்தில்தான் ஏ.சி. எங்கள் கருத்து: கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று, நிழல் பக்கம் தாழ்வாக ஜன்னல் ஒன்று, அதிகமாகப் பயன்படுவது இவைதான். வெளி பிளக்கில் மாட்டும் முன் சாக்கெட் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். தோட்ட வீடுகளிலும் பழைய லாட்ஜ்களிலும் எர்த் இல்லாமல் இருக்கும். வண்டிக்குள், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். கேபிளைச் சுருட்டிய நிலையில் வைத்து ஏ.சி. ஓட்டினால் நடுச்சுற்று சூடேறி உருகும். முழுக்க விரித்துவிடுங்கள்.

ஒரே ஒரு கோளாறை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ராத்திரியில் ஃப்ரிட்ஜ் தானாக நிற்கும், பேட்டரியைப் பார்த்தால் பாதிக்கு மேல் இருக்கும். உடனே ஃப்ரிட்ஜ் கம்பெனியைத் திட்டுவோம். குற்றவாளி பெரும்பாலும் வயர்தான். 2.5 சதுர மி.மீ. வயரில் ஐந்து மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியர் போனால், போக வரச் சேர்த்து முக்கால் வோல்ட் காணாமல் போகும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஃப்ரிட்ஜ் அணைந்துகொள்ளும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்கு வந்துவிடும். ரிச்சி தெருவில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி, ஃப்ரிட்ஜ் ஓடும்போது அதன் முனையிலேயே வைத்து அளந்து பாருங்கள்.

சமையலறை என்றதும் கிரைண்டருக்கு இடமில்லை என்பார்கள். இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்தான், நாற்பது நிமிஷம் ஓடினாலும் 0.1 யூனிட். 1,200 வாட் இன்டக்‌ஷன் இருபது நிமிஷத்தில் 0.4 யூனிட் எடுத்துவிடும். மாவு அரைப்பது லாபம், இன்டக்‌ஷன் நஷ்டம். கிளம்பும்போது மட்டும் உருளைக் கற்களைக் கழற்றி, துண்டில் சுற்றி, தரையோடு தரையாக வைத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் முதல் ஸ்பீட் பிரேக்கரில் குடம் நசுங்கும். மாவைப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. வெயிலில் நின்ற வண்டிக்குள் ஐந்து மணி நேரத்திலேயே பொங்கிவிடும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுக்கு மூடி தாங்காது. கொல்லிமலையின் 70-ஐக் கேட்கவே வேண்டாம்.

கேஸுக்கு 5 கிலோ சிலிண்டர் வசதி. சோட்டு என்று பெட்ரோல் பங்குகளிலேயே கிடைக்கிறது, முகவரிச் சான்று கேட்பதில்லை. இரண்டு பேருக்கு மூன்று வாரம் வரும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கிற ஓட்டை வேண்டும், கேஸ் அலாரமும் தரையிலிருந்து ஓர் அடிக்குள். மிளகாய் தாளிப்பை வெளியே மடக்கு மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறடி அகல வண்டிக்குள் தாளித்தால் சாயங்காலம் வரை இருமல்.

தண்ணீர். குளியல் ஆளுக்கு ஒரு பக்கெட், 12 லிட்டர். சமையல், பாத்திரம், மற்றது எல்லாம் சேர்த்து நாளுக்கு 40 லிட்டர். 100 லிட்டர் டேங்க் என்றால் இரண்டரை நாள், எடை 100 கிலோ. டேங்கைப் பின் அச்சுக்குப் பின்னால் தள்ளினால் முன்சக்கரப் பிடிமானம் குறையும். இரண்டு அச்சுக்கும் நடுவில், உள்ளே தடுப்புத் தகடுகளோடு இருக்க வேண்டும். எல்லாம் ஏற்றியதும் எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். போர் தண்ணீர் பிடித்தால் செம்மண்ணும் இரும்புத் துகளும் பம்ப் வடிகட்டியை அடைக்கும். பம்ப் சத்தம் போட்டும் தண்ணீர் வராவிட்டால் முதலில் அதைத்தான் கழற்ற வேண்டும். குடிக்க 20 லிட்டர் கேன். கழிவுநீர் டேங்கில் கஞ்சித் தண்ணீரும் சாம்பார் எண்ணெயும் போனால் மறுநாளே நாறும். தட்டைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

கழிவறையைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவார்கள், ஆனால் இந்த வாழ்க்கை ஒத்துவருமா என்ற முடிவு இங்கேதான் ஆகிறது. கழிவு சேருகிற, கழற்றி எடுத்துப்போய்க் கொட்டுகிற பெட்டிக்குக் கேசட் என்று பெயர். சுமார் 20 லிட்டர் கேசட் இரண்டு பேருக்கு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. செப்டிக் டேங்க் அல்லது பாதாளச் சாக்கடை இணைப்புள்ள கழிவறையில் மட்டுமே கொட்ட வேண்டும், மழைநீர் வடிகாலில் ஒருபோதும் கூடாது. நாற்றத்துக்காகக் கேசட்டில் ஊற்றுகிற திரவத்தில் ஃபார்மலின் இருந்தால் அது செப்டிக் டேங்கின் பாக்டீரியாவைக் கொல்லும், பயோ வகையை வாங்குங்கள். வெயிலில் பூட்டிய வண்டியில் கேசட்டுக்குள் வாயு சேரும், மூடியை மெதுவாகத் திறக்காவிட்டால் தெறிக்கும். ரப்பர் சீலுக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். தேங்காய் எண்ணெய், வாஸ்லின் தடவினால் ரப்பர் உப்பிக் கசியும். நமக்கு இன்னும் பொருத்தம் உலர் கழிவறை என்று தோன்றுகிறது. சிறுநீர் தனியாகப் பிரிந்துபோகும், மீதியை மூடத் தென்னை நார்க்கழிவு. நர்சரிகளில் கிடைக்கும் 5 கிலோ கட்டி ஒன்று 60 லிட்டருக்கு மேல் உப்பும். ஆனால் தண்ணீர் விட்டு உப்பவைக்காமல், உடைத்து ஈரமில்லாமல் போட வேண்டும். ஈரமானால் நாற்றமும் ஈயும் வரும்.

மருந்து. இன்சுலின் திறக்காதது 2 முதல் 8 டிகிரிக்குள். 12 வோல்ட் ஃப்ரிட்ஜில் குளிர்விக்கிற தகட்டை ஒட்டிய பகுதி உறைநிலைக்குப் போகும், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். துணியில் சுற்றி நடுத்தட்டில், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரோடு வையுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் வாழ்வுச் சான்றை முக அடையாளத்தின் மூலம் போனிலேயே கொடுத்துவிடலாம். சிக்னல் உள்ள ஊரில் நிற்கிற வாரமாகப் பார்த்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலம் பார்த்து ஊர் மாற வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும், கத்திரி வெயிலுக்கு மலைதான் ஏ.சி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்துவிட்டதால், கிளம்பும் முன் அதைப் பாருங்கள். தை முதல் பங்குனி வரை கடற்கரை. அங்கே நிற்கிற நாட்களில் வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு அரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைத் தாழ்வான பகுதிகளில் நிறுத்தவே கூடாது. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றதைப் பார்த்தோம் அல்லவா, அங்கே மூன்று மீட்டர் உயர வண்டி நின்றால் காற்றும் தள்ளும். நிழலுக்கு வேப்பமரம் நல்லது. தென்னை வேண்டாம், காய் விழுந்தால் பேனல் போகும். தூங்குமூஞ்சி மரம் பெரிய குடைதான், ஆனால் காற்றில் கிளை முறியும்.

வண்டியின் உயரத்தை ஃபேன், பேனல், ஏ.சி. எல்லாம் சேர்த்து, டயரில் முழுக் காற்று இருக்கும்போது அளந்து, அடியிலும் மீட்டரிலும் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். சப்வே பலகையைப் பார்க்கிற நொடியில் மனக்கணக்குக்கு நேரம் இருக்காது. கூரை ஃபேனைத் திறந்தபடி கிளம்பினால் அந்த எண்ணும் பொய்.