வெந்தய வாசனை

பேறுகாலம் முடிந்து வீட்டுக்கு வந்த தங்கையின் அறையில் வெந்தய வாசனை வீசியதை நாங்கள் யாரும் விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. பால் நன்றாகச் சுரக்க வேண்டுமென்று அம்மா தினமும் வெந்தயக் களி கிண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் குழந்தையின் நனைந்த துணியை அலச எடுத்தபோதும் அதே வாசனை, காய்ச்சிய வெல்லப்பாகு கலந்தாற்போல் எழுந்தது. "நீ தின்னதுதான் புள்ள மேல அடிக்குது" என்றார் அம்மா. அதற்குள் குழந்தை பால் குடிப்பதைக் குறைத்திருந்தான். துவண்டு கிடப்பான், திடீரென முதுகை வில்லாக வளைப்பான், கால்களை மிதிவண்டி மிதிப்பதுபோல் அசைப்பான். முதலில் பார்த்த மருத்துவர் கிருமித்தொற்று என்று கருதி மருந்து தொடங்கினார். பச்சிளங்குழந்தையிடம் இந்த அறிகுறிகளைக் கண்டால் முதலில் எழ வேண்டிய ஐயம் அதுதான் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நோயின் பெயர் 'மேப்பிள் சிரப்' சிறுநீர் நோய். 1954 இல் பாஸ்டனில் ஜான் மென்கிஸ் என்னும் மருத்துவரும் உடன் பணியாற்றியோரும், ஒரே பெற்றோரின் நான்கு குழந்தைகள் பிறந்த மூன்று மாதங்களுக்குள் இறந்ததைப் பதிவுசெய்தபோது, அக்குழந்தைகளின் சிறுநீரில் வீசிய மணத்துக்குத் மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சி எடுக்கும் தங்கள் ஊர்ப் பாகின் பெயரையே சொன்னார்கள். அந்தப் பாகை முகர்ந்தே அறியாத நமக்கு அப்பெயரால் ஒரு பயனும் இல்லை. வெந்தய மணத்துக்குக் காரணமான சோட்டலோன் என்னும் பொருளே இந்நோயின் மணத்துக்கும் காரணம். பிரசவத்தை ஒட்டித் தாய் வெந்தயம் சாப்பிட்டதால் நலமான குழந்தைக்கு இந்நோயோ என்று ஐயுற்ற நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் உண்டு. எங்கள் வீட்டில் நடந்தது அதன் தலைகீழ்.

புரதத்திலுள்ள லூசின், ஐசோலூசின், வாலின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களைச் சிதைக்கும் பாதையின் இரண்டாம் படியில் வேலை செய்யும் நொதித் தொகுதி இக்குழந்தைகளிடம் குறைபட்டிருப்பதால், அவை இரத்தத்தில் தேங்குகின்றன. அவற்றுள் லூசினே மூளையை அதிகம் தாக்குவது. உலக அளவில் ஏறத்தாழ 1,85,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் இந்நோய், தங்களுக்குள்ளேயே மணம்செய்துகொள்ளும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் மென்னோனைட் என்னும் கிறித்தவப் பிரிவினரிடையே சுமார் 380 இல் ஒன்றாக இருக்கிறது. தாய், தந்தை இருவரும் பழுதுபட்ட மரபணுவின் ஒரு பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. சுமப்பவர்களுக்கோ எந்தத் தொல்லையும் இராது. தங்கை அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள். எந்தப் பக்கத்து ரத்தம் இது என்று உறவினர் கூடிச் சண்டையிட்டபோது, இரண்டு பக்கத்துக்கும் தாத்தா ஒருவர்தானே என்று நான் கேட்டேன். அதன்பின் யாரும் பேசவில்லை.

லூசினை அடியோடு நிறுத்தவும் முடியாது, ஏனெனில் வளர்ச்சிக்கு அது வேண்டும். அந்த மூன்று அமினோ அமிலங்களையும் நீக்கிய சிறப்புப் பால்மாவே முதன்மை உணவு. அதனுடன் எலக்ட்ரானிக் தராசில் எடைபோட்ட சோறு, கணக்கிட்ட அரை இட்லி. பருப்பும் முட்டையும் கிடையாது. மரவள்ளி மாவில் செய்யும் ஜவ்வரிசியில் புரதம் இல்லையென்றே சொல்லலாம் என்பதால், சேலத்து ஜவ்வரிசிக் கஞ்சிதான் அவன் வயிறாரக் குடிப்பது. விருந்தைவிடக் காய்ச்சலுக்குத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். சாப்பிடாமல் கிடந்தால் உடல் தன் தசையையே கரைத்து லூசினை இரத்தத்தில் இறக்கிவிடும் என்பதால், வாந்தி தொடங்கிய உடனே குளுக்கோஸ் ஏற்ற ஓடவேண்டும். முற்றினால் டயாலிசிஸ் தேவைப்படும். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நோயைக் கட்டுக்குள் கொண்டுவரும். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையிலும் இந்நோய் இடம்பெற்றிருக்கிறது.

குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி அனுப்பினால் மூளை பாதிக்கப்படும் முன்பே நோயைக் கண்டுபிடிக்கலாம். நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை செய்யப்படுவதில்லை. கேட்டுச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. தங்கையின் இரண்டாவது பிரசவத்தில் நாங்கள் கேட்டுச் செய்துகொண்டோம். அம்மா அந்த மாதம் முழுவதும் வெந்தய டப்பாவைத் தொடவில்லை. குழந்தையின் துணியில் பால் வாடை மட்டுமே இருந்தது. ஆனாலும் முடிவு வரும்வரை ஒவ்வொரு துணியையும் அலசுமுன் அவர் முகர்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார்.