மரமைனாவுக்கு முகம்

ஜூலை 5, சனி

மரத்தில் செதுக்கிவரும் மைனாவுக்கு உடம்பு வேலை முடிந்தது, இனி முகம். மரம் குமிழ். லேசானது, உளிக்கு நன்றாகப் பணியும். ரேகை அலகின் நீளவாக்கில் ஓடும்படி பார்த்துத்தான் கட்டையை அறுத்தேன். குறுக்கே ஓடினால் நுனி பட்டென்று ஒடிந்துவிடும். சீவியதும் அலகில் ஃபெவிக்விக் ஊறவிட்டேன். மரம் கெட்டிப்பட்ட பிறகு வாய்க்கோட்டைக் கூர்மையாகக் கீறலாம். அது நேர்கோடு அல்ல. அலகின் அடியில் சட்டென்று கீழே மடங்கும். மைனாவின் சிடுசிடுப்பு முழுக்க அந்த மடிப்பில்தான் இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

எழும்பூர் அருங்காட்சியகம் போனேன். பாடம் செய்த பறவைகளிடம் தலைக்கும் அலகுக்கும் உள்ள அளவைப் படிக்கலாம், நிறத்தைப் படிக்க முடியாது. இறகில்லாத தோல் காய்ந்து வெளுத்துப்போகும். மைனாவுக்கோ கண்ணைச் சுற்றியுள்ள மஞ்சள் தோல்தான் அடையாளமே. அதற்கு எங்கள் கே.கே. நகர் மொட்டைமாடிதான் சரி. சோறு வைத்தால் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும்.

ஜூலை 9, புதன்

இன்று கண். இரண்டு பக்கமும் ஊசியால் புள்ளி வைத்து, முன்னாலிருந்தும் உச்சியிலிருந்தும் மட்டம் பார்த்த பிறகே துளை போட்டேன்.

தெருமுனை ஆசாரி எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, கண்ணை இப்பவே வைக்கிறீங்க? சாமி சிலைக்குக் கடைசியாத்தானே கண் திறப்போம்!”

பறவைக்கு வேறு வழியில்லை அண்ணே என்றேன். கண்ணாடிக் கண்ணை முதலில் பதித்தால்தான் இமையை அதன்மேல் கட்ட முடியும். குழியில் எம்-சீல் (பிசைந்து வைத்தால் இறுகும் ஒட்டுமாவு) நிரப்பிக் கண்ணை உள்ளே அழுத்தினேன். கொஞ்சம் துருத்தினாலும் பொம்மை முழி ஆகிவிடும். பிறகு எம்-சீலை நூலாகத் திரித்து விளிம்பில் சுற்றி, ஈர ஊசியால் நுணுக்கமாக அழுத்திக்கொண்டே போனேன். மேல் இமை துளி தாழ்ந்ததும் மைனா முறைத்தது! அதே கண்தான், அதே இடம்தான். பார்வை கண்ணாடியில் இல்லை, இமையில் இருக்கிறது. ஆசாரியும் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஜூலை 12, சனி

சூட்டுக்கோலால் மரத்தைச் சுட்டு இறகுக் கோடுகள். கழுத்திலிருந்து அலகை நோக்கி வர வேண்டும், அப்போதுதான் முன்னிறகு பின்னிறகின் மேல் படிந்ததாகத் தெரியும். அலகடியில் இறகுகள் மிகப் பொடி, பின்னால் போகப் போக நீளம். காதை மூடும் இறகுகள் மட்டும் மயிர்போலப் பிரிந்து கிடக்கும். அங்கே கோடுகளை இடைவெளி விட்டு, அழுத்தாமல் இழுத்தேன். முகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஜூலை 13, ஞாயிறு

தலைக்கு வெறும் கறுப்பு அடித்தால் கோடுகள் செத்துவிடும். கரும்பழுப்பைத் தண்ணீராகக் கரைத்துப் பல பூச்சு கொடுத்தேன். தோலுக்கு அலகை விட ஒரு சாயல் வெளிறிய மஞ்சள். வார்னிஷ் கிடையாது, மினுக்கம் கண்ணுக்கு மட்டும் போதும். அடுத்த வாரம் செம்புக்கம்பியில் கால்கள்.