முன்கீமோ கேள்வியில் நான் தடுமாறிய இடம்

எம்.டி. ரேடியோதெரபி தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோயில் முக்கிய சிகிச்சைக்கு முன்பே கீமோ, அதாவது முன்கீமோ, கொடுக்கலாமா என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டார்கள். "கொடுக்கலாம் சார், இன்டர்லேஸ் ஆய்வில் பலன் தெரிகிறது" என்றேன். "அப்போ டாடா ஆய்வை என்ன செய்வீங்க?" என்றார் எக்ஸாமினர். இரண்டையும் படித்திருந்தேன். ஆனாலும் வாய் வரவில்லை.

வெளியே வந்து யோசித்தபோதுதான் புரிந்தது, அவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். மும்பை டாடா மெமோரியலின் 2018 ஆய்வில் 635 பெண்கள். ஒரு பிரிவுக்கு மூன்று வாரத்துக்கொன்றாக மூன்று கீமோ, பிறகு ஆபரேஷன். மற்றதற்கு நேராகக் கீமோரேடியேஷன் (கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்து). ஐந்தாண்டில் நோய் திரும்பாதவர்கள் முதல் பிரிவில் 69.3%, இரண்டாவதில் 76.7%. உயிர்வாழ்வில் வித்தியாசமில்லை. இன்டர்லேஸில் ஆபரேஷனே கிடையாது. ஒரு பிரிவுக்கு ஆறு வாரம் வாராவாரம் கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துகளைக் கொடுத்து, ஏழாவது வாரமே கீமோரேடியேஷனைத் தொடங்கினார்கள். 500 பேரில் நடந்த அந்த ஆய்வு 2024-ல் லான்செட்டில் வந்தது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு நேராகக் கீமோரேடியேஷன் பெற்ற ஒப்பீட்டுப் பிரிவில் 72%, முன்கீமோ பிரிவில் 80%.

அந்த "வாராவாரம்", "ஏழாவது வாரமே" என்பவற்றை அடிக்கோடிட்டுப் படியுங்கள். நான் அவற்றைத்தான் கோட்டைவிட்டேன். பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2003 மெட்டா அனாலிசிஸில், கீமோ சுற்றுகளின் இடைவெளி 14 நாளுக்குள் இருந்தால் நன்மை, அதைத் தாண்டினால் தீமை என்ற போக்கு தெரிந்தது. இடைவெளி நீண்டால் தப்பிய செல்கள் வேகமாகப் பெருகிவிடும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பிரேசிலில் மூன்று வாரச் சுற்றாக சிஸ்பிளாட்டின், ஜெம்சிடபைன் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்விலும் முன்கீமோ பிரிவுக்குத்தான் பின்னடைவு.

ஆகவே ஒவ்வொரு ஆய்வுக்கும் நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: கீமோவுக்குப் பிறகு என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை நாள் இடைவெளி. பக்கவிளைவையும் விட்டுவிடாதீர்கள், இன்டர்லேஸில் கடுமையானவை 59%, ஒப்பீட்டுப் பிரிவில் 48%. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நிணநீர்க் கணுவில் நோய் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வார்டிலிருக்கும் ஒரு கேஸ் ஷீட்டை எடுத்து அதோடு பொருத்திப் பாருங்கள். நான் எடுத்தது 3பி நிலை அம்மா ஒருவருடையது: ஹீமோகுளோபின் 7.8, இரண்டு சிறுநீரகமும் வீங்கி கிரியேட்டினின் ஏறியிருந்தது. அவருக்கு அன்று வேண்டியிருந்தது ரத்தமும், சிறுநீரகத்திலிருந்து நேராகச் சிறுநீரை வெளியேற்றும் பி.சி.என். குழாயும்தான். முன்கீமோவுக்காக ரேடியேஷனை ஆறு வாரம் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.